மூன்றாவது பெட்டியில் எள்

2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை மதியம். மூன்றாவது பெட்டியின் கதவைத் திறந்து, உள்ளே இருந்த தூளில் இரண்டு கை அள்ளி ரவை சல்லடையில் போட்டுச் சலித்தேன். தூள் கீழே இறங்கியது. சல்லடையில் மிஞ்சியது கொஞ்சம் சருகு, ஒரு மரவட்டை, அப்புறம் கருப்பு எள் மாதிரி முப்பது நாற்பது மணிகள். ஒன்றை எடுத்து ஸ்கேலின் மேல் வைத்தேன். 3 மி.மீ. தட்டை. எள்ளுக்கு ஒரு முனை கூராக இருக்கும். இதற்கு இரண்டு முனையும் மழுங்கல்.

நோபிள் சேஃபர் என்ற அரிய வண்டின் புழு போடும் புழுக்கை அது. அந்த வண்டு வந்து தங்கட்டும் என்று நான் செய்துவைத்த செயற்கை மரப்பொந்துதான் இந்தப் பெட்டி. நான்கு வருடத்துக்கு மேல், மூன்று பெட்டி, 235 பவுண்டு செலவு, எல்லாம் இந்தப் புழுக்கையைப் பார்க்கத்தான். அன்று சாயங்காலம் நான் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வீட்டில், "ஏனுங்க, லாட்டரி ஏதாச்சும் அடிச்சுதுங்களா?" என்று கேட்டாள். சல்லடையைக் காட்டினேன். அது அவளுடைய சல்லடை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

முதலில் இடம். இங்கிலாந்தில் வொர்ஸ்டர்ஷயர், பெர்ஷோருக்கும் ஈவ்ஷமுக்கும் நடுவில் ஒரு பழைய ப்ளம் தோப்பு. இந்தப் பக்கம் ப்ளம்முக்குப் பேர்போன ஊர். 'பெர்ஷோர் யெல்லோ எக்' என்று ஒரு ரகம். பேருக்கேற்ப மஞ்சள் முட்டை மாதிரி இருக்கும். பெர்ஷோரை ஒட்டிய டிடெஸ்லி காட்டில் 19ஆம் நூற்றாண்டில் தானாக முளைத்துக் கிடந்ததைக் கண்டெடுத்துப் பரப்பியது. அப்படியே தின்றால் சுமார்தான், ஜாமுக்கு அருமை. ஆகஸ்டில் ஊரே ப்ளம் திருவிழா கொண்டாடும். நான் சொல்லும் தோப்பில் 43 மரம். உரிமையாளர் எண்பதைத் தொடும் பெரியவர், தனியாள். 2019இல் பழம் பறிக்கக் கை கொடுக்கப் போனேன். கூலி இரண்டு கூடை பழம். அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்தத் தோப்புகளில்தான் அந்த நோபிள் சேஃபர் வண்டு இருக்கிறது. க்னோரிமஸ் நோபிலிஸ் என்பது அறிவியல் பெயர். சுமார் 2 செ.மீ. நீளம், உலோகப் பச்சை, மேலே வெள்ளைத் தெறிப்பு. பள்ளிக்கூடத்தில் தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளி இலை போட்டு வளர்த்தோமே, அந்தப் பொன்வண்டு நினைவு வரும். ஆனால் அது வேறு குடும்பம். இது நம் ஊர் எருக்குழிக் காண்டாமிருக வண்டுக்குத்தான் சொந்தம். பிரிட்டனில் அரிதாகிவிட்டது. வொர்ஸ்டர்ஷயர், ஹெரிஃபோர்ட்ஷயர், க்ளஸ்டர்ஷயர் மூன்றும்தான் அதன் முக்கியமான பிடிமானம்.

இதன் புழு உயிர் மரத்தின் பொந்துக்குள் சேரும் உளுத்த தூளில் இரண்டு வருடம் போலக் கிடந்து வளரும். வண்டாக வெளியே வந்தபின் சில வாரம்தான் ஆயுசு, ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குள். ஓக் மரம் பொந்து விழ இருநூறு, முந்நூறு வருடம்கூட எடுத்துக்கொள்ளும். ப்ளம் நாற்பது ஐம்பதிலேயே உள்ளே கோறையாகிவிடும். விவசாயிக்கு அது வியாதி, வண்டுக்கு அதுதான் வீடு. 1900இலிருந்து கணக்கெடுத்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழையபாணித் தோப்புகளில் 81 சதவீதம் போய்விட்டது என்று 2022இல் நேஷனல் ட்ரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு சொன்னது. மிச்சம் இருப்பதிலும் எங்கள் தோப்புக்கு உள்ள சிக்கல்தான்: மரமெல்லாம் ஒரே வயது. ஒன்றாக நட்டது, ஒன்றாகச் சாகும். புதுக்கன்று நட்டாலும் அது பொந்தாக இன்னும் நாற்பது வருடம். நடுவில் வண்டு எங்கே போகும்?

ஸ்வீடனில் ஓக் மரங்களில் பெட்டி கட்டி, ஓக் மரத்தூள், சருகு, உலர்புல் எல்லாம் போட்டுச் செயற்கைப் பொந்து ஆக்கிப் பார்த்திருக்கிறார்கள், பொந்து வண்டுகள் நிறையவே வந்து தங்கின என்று படித்தேன். பெட்டிதானே, நமக்குத் தெரியாத தச்சு வேலையா என்று நினைத்தேன். தெரியாத வேலைதான் என்று பிறகு தெரிந்தது.

முதல் பெட்டி, மார்ச் 2021

18 மி.மீ. வெளிப்புற பிளைவுட் ஒரு துண்டு. உள்ளளவு 40 × 25 × 25 செ.மீ., அதாவது 25 லிட்டர். 50 மி.மீ. வட்டத் துளை. தச்சுப் பட்டறையில் இலவசமாகக் கிடைத்த பைன் மரத்தூள் ஒரு மூட்டை. கதவுக்குக் கீல், கொண்டி. மொத்தம் 46 பவுண்டு. தோப்பின் தெற்கு ஓரத்தில் வெயில் நன்றாகப் படும் மரமாகப் பார்த்துக் கட்டினேன். பூச்சிக்குச் சூடு பிடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதில் எது சரி என்று இன்றைக்குக் கேட்டால், கொண்டி. மற்றதெல்லாம் தப்பு. பைன் தூள் பிசின் வாசம் அடிக்கும் புதுத் தூள். இந்தப் புழுவுக்கு வேண்டியது பூஞ்சை ஏற்கெனவே பாதி தின்ற, அகன்ற இலை மரத்தின் தூள். பிளைவுட்டின் பசை வேறு. எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு அளவு. 25 லிட்டர் தூள் ஈரத்தைப் பிடித்து வைக்காது.

அது 2022 ஜூலையில் தெரிந்தது. ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் முதன்முறையாக 40 டிகிரி தாண்டியது, நினைவிருக்கலாம். நம் ஊரில் இது சித்திரைச் செய்தி. இங்கே ரயில் நின்றது. அன்று சாயங்காலம் சமையல் தெர்மாமீட்டர் எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். பெட்டிக்குள் 38. பத்தடி தள்ளி ஒரு கிழட்டு ப்ளம் மரத்தின் பொந்துக்குள் கம்பியை விட்டேன், 24. இரண்டு தடவை சரிபார்த்தேன். மரத்தின் உயிருள்ள பட்டையும் ஈரமும் சேர்ந்து உள்ளே ஒரு பானையைப் போல வைத்திருக்கிறது. என் பெட்டியிலோ தூள் ரஸ்க் பொடி மாதிரி. உள்ளே குடியிருந்தது ஒரு சிலந்தி.

இரண்டாவது பெட்டி, நவம்பர் 2022

பெரிதாகச் செய்தேன். 50 × 30 × 30, 45 லிட்டர். லார்ச் என்ற ஊசியிலை மரத்தின் பலகை, 20 மி.மீ. இந்தத் தடவை ஓக் தூள், ஓக் சருகு, பக்கத்துக் குதிரைக் கொட்டடியிலிருந்து மக்கிய சாணம் ஒரு சாக்கு. 71 பவுண்டு.

அத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. 'ஒரிஜினல்' பொந்துத் தூள் கொஞ்சம் சேர்த்தால் பூஞ்சையும் வாசமும் வருமே, தயிருக்கு உறை ஊற்றுவதைப் போல, என்று தோன்றியது. இரண்டு பொந்து மரங்களில் கை விட்டு ஒரு வாளி அள்ளினேன். பாதியைப் பெட்டியில் கொட்டினேன். மீதி வாளியோடு பெரியவரின் கொட்டகையில் கிடந்தது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கனம் ஏறிவிட்டது. ஈரத் தூளோடு 30 கிலோவுக்கு மேல். கொட்டகையில் இருந்த கப்பியும் கயிறும் கொண்டு கிணற்று வாளி மாதிரி மேலே இழுத்து, ஒரு கிளையில் பட்டை போட்டுத் தொங்கவிட்டோம். பெரியவர் கிளையைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் கவனிக்கவில்லை. பொந்து விழுந்த மரத்தின் கிளையும் பொந்தாகத்தானே இருக்கும்!

2023 வசந்தத்தில் துளைக்குள் சிட்டு மாதிரி ஒரு சின்னப் பறவை, ப்ளூ டிட், பாசியைக் கொண்டுவந்து அடைத்துக் குஞ்சு பொரித்தது. இலையுதிர் காலத்தில் அணில் வந்து துளையைக் கொறித்து இரண்டு மடங்காக்கியது. 2024 ஜனவரி 2 அன்று ஹெங்க் புயல். ஏவன் ஆறு பெருகிச் சாலைகள் மூழ்கி, ஒரு வாரம் கழித்துத்தான் தோப்புக்குப் போக முடிந்தது. கிளை பிளந்து, பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அணில் பெரிதாக்கிய துளை வானத்தைப் பார்த்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டி நிறையத் தண்ணீர்.

ஏப்ரலில் இறக்கித் திறந்தேன். அடியில் கால்வாசி கருப்புச் சேறு, புளித்த வாடை. ஆனால் மேல்பாதியில், சாணம் அதிகம் இருந்த பக்கம், கையை விட்டால் குண்டு குண்டாக வெள்ளைப் புழு! 'சி' எழுத்து மாதிரி சுருண்டு, மொத்தம் 11. போட்டோ எடுத்தேன். ஊருக்கு அனுப்பினேன். பெரியவரைக் கைப்பிடித்து அழைத்து வந்து காட்டினேன். இந்த மாவட்டத்தில் பூச்சிப் பதிவுகளைப் பார்க்கும் தன்னார்வலர் அம்மா ஒருவருக்கும் செய்தி போட்டேன்.

அவர் மறுநாளே வந்தார். ஒரு புழுவை எடுத்து மேசைப் பலகையில் விட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புழு புரண்டு மல்லாந்தது; முதுகாலேயே நெளிந்து நெளிந்து நகர்ந்து போனது. கால்கள் ஆறும் வானத்தைப் பார்த்துச் சும்மா ஆடின. "ரோஸ் சேஃபர்," என்றார். முதுகால் நடப்பது அதன் முத்திரை. இதுவும் பச்சை வண்டுதான், நல்ல வண்டுதான், ஆனால் தோட்டத்து மக்குக் குழியிலேயே கிடைக்கும். நான் சாணம் போட்டு ஒரு மக்குக் குழியைக் கிளையில் தொங்கவிட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

வளர்ந்த வண்டைப் பிரித்தறியவும் அன்றே சொல்லிக்கொடுத்தார். இறக்கைகள் முதுகில் சேரும் இடத்தில், கழுத்தை ஒட்டி ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். ரோஸ் சேஃபருக்கு அது பெரிது, நீளம். நோபிளுக்குச் சின்னது. நோபிளின் இறக்கை மூடி கசங்கிய ஜிகினாத்தாள் மாதிரி சுருக்கமாக இருக்கும். மற்றதற்கு வழவழப்பு அதிகம்.

அசடு வழிந்ததை மறைக்க, "பொந்துத் தூள்கூடச் சேர்த்தேனே" என்று வாளியைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. ஒன்றும் பேசாமல் வாளியைத் தன் வெள்ளைத் தட்டில் கவிழ்த்துக் கிளறினார். பதினேழு மாதம் கொட்டகையில் காய்ந்த தூள். அதில் எள் எள்ளாகக் கருப்பு மணிகள் கொட்டிக் கிடந்தன. நோபிள் சேஃபரின் புழுக்கையை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். இந்த வண்டைத் தேடுபவர்கள் வண்டைத் தேடுவதைவிடப் புழுக்கையைத் தேடுவதுதான் அதிகம்; அதை வைத்தே பதிவு எடுக்கலாம். பொந்தில் மரப்பேன் (உளுத்த கட்டையில் ஊரும் சின்ன உயிர், உட்லவுஸ்) புழுக்கையும் கிடக்கும். அது இன்னும் சின்னது, செங்கல் மாதிரி நீள்சதுரம். எல்லாவற்றையும் அவர் நிதானமாக விளக்கினார். வாளியின் அடியில் சுருங்கிக் காய்ந்த இரண்டு புழு இருந்தன. அவற்றை ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. காப்பாற்றுகிறேன் என்று போய் வீட்டையே அள்ளியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது பெட்டி செய்யப் போனால், வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: நிற்கும் மரத்தின் பொந்திலிருந்து ஒரு ஸ்பூன் தூள்கூட எடுக்கக் கூடாது. புழுக்கை இருக்கிறதா என்று பார்க்கச் சின்னச் சிட்டிகை எடுத்தாலும், பார்த்த பிறகு அதே பொந்தில் திரும்பப் போட வேண்டும்.

மூன்றாவது பெட்டி, மே 2024

விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பொள்ளாச்சிக்குப் போன் போட்டபோது அப்பாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அப்பா ஐம்பது வருடமாகத் தென்னை வைத்திருப்பவர். காண்டாமிருக வண்டைப் பிடிக்க ஆமணக்குப் புண்ணாக்கு ஊறிய பானையைத் தோப்பில் புதைப்பார். எருக்குழியைக் கிளறிப் புழு எடுத்துக் கோழிக்குப் போடுவார். இந்தக் குடும்பத்து வண்டோடு அவருக்கு ஜென்மப் பகை.

"புழு வளக்கறதுக்கா இத்தனை பாடு?" என்று சிரித்தார். அப்புறம் கேட்ட கேள்விகள் ஒரு ஆராய்ச்சியாளர் கேட்பதைப் போல இருந்தன. குழி எவ்வளவு ஆழம், மேலே மூடாக்கு உண்டா, தண்ணி எங்கே வடியுது. "எல்லாம் ஈரந்தான் சாமி. எங்க எருக்குழில புழு எங்க இருக்கும்னு நெனக்கற? மேல காஞ்ச எடத்துலயும் இருக்காது, அடில நொதநொதன்னு இருக்கற எடத்துலயும் இருக்காது. ஒரு கை அள்ளிப் புழிஞ்சு பாரு. சொட்டுச்சுன்னா அதிகம். உதுந்துச்சுன்னா கம்மி. கொழுக்கட்டையாட்ட நிக்கோணும்."

"சரிங்கப்பா, வெயில் காலத்துல அந்த ஈரத்தை எப்படிங்க நிறுத்தறது?"

"சிவன் கோயில்ல லிங்கத்து மேல தாரா பாத்திரம் தொங்குதல்ல. அதென்னத்துக்காம்?"

மூன்றாவது பெட்டியின் வடிவமே இந்தப் பேச்சில் பிறந்ததுதான்.

உள்ளளவு 60 × 35 × 35 செ.மீ., 73 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பலகை 25 மி.மீ. பச்சை ஓக், மர மில்லில் நேராக வாங்கியது, 74 பவுண்டு. எந்தப் பூச்சும் இல்லை. ஓக்கில் இரும்பு ஸ்க்ரூ போட்டால் மரத்தின் துவர்ப்பு அரித்துக் கருப்பாக வடியும், அதனால் எவர்சில்வர் ஸ்க்ரூ 9 பவுண்டு. கீலும் கொண்டியும் 11. கீழே நிறுத்த ஓக் கம்பம் 18. குதிரைமசால் உருண்டை ஒரு பை 6. ஆக 118.

தொங்கவிடும் யோசனையைக் கைவிட்டேன். கம்பத்தை 60 செ.மீ. ஆழம் நட்டு, பெட்டியின் அடி தரையிலிருந்து 1.2 மீட்டர் வரும்படி நிறுத்தினேன். பின்பக்கம் ஒரு பொந்து மரத்தின் தண்டோடு உரசி நிற்கிறது. பட்டை கட்டவில்லை, கனம் முழுக்கக் கம்பத்தில். திசை வடகிழக்கு. காலை வெயில் மட்டும் படும்.

வாசல் வட்டத் துளை வேண்டாம் என்று 20 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளத்தில் ஒரு கிடைமட்டப் பிளவு. இந்த ஊர்ச் சிட்டுக்கு 25 மி.மீ. துளை வேண்டும், 20இல் நுழைய முடியாது. அணில் கொறிக்காமல் இருக்க ஓரத்தில் மெல்லிய அலுமினியப் பட்டை. கூரை முன்பக்கம் சரிவு, நான்கு பக்கமும் 8 செ.மீ. வெளியே நீட்டல். அடிப்பலகையில் 8 மி.மீ. துளை ஆறு, அதன் மேல் விரல் தடிமன் சுள்ளிகள் ஒரு அடுக்கு.

நிரப்பியது: முந்தைய ஒரு புயலில் விழுந்து இரண்டு வருடமாகத் தரையில் கிடந்த ப்ளம் கட்டை. அதைக் கைக்கோடாரியால் சிராய்த்து, உள்ளே பழுப்பாக உளுத்த பகுதியை மட்டும் நொறுக்கினேன். ஒவ்வொரு கட்டையையும் உடைத்துப் புழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். இருந்த ஒன்றை அப்படியே மூடி வைத்தேன். பெட்டியில் முக்கால்வாசி வரை நிரப்பியதில் பத்தில் ஆறு பங்கு இது, இரண்டு பங்கு ஓக் சருகு, ஒரு பங்கு ஓக் மரத்தூள். மீதி ஒரு பங்கில் குதிரைமசாலும் பெரியவரின் கோழிகளின் எச்சமும். ஸ்வீடன்காரர்கள் சில பெட்டிகளில் செத்த கோழியையே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் சொன்னேன். "அந்தக் கோழி நம்ம கார்ல வரக் கூடாது" என்று பதில் வந்தது. எச்சத்தோடு நின்றது.

கலக்கிய மூன்றாம் நாள் நடுவில் சூடு கிளம்பியது, தெர்மாமீட்டரில் 34. எரு வேகிறதே, அதே வேக்காடு. எச்சம் கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது. கதவைத் திறந்துவைத்துக் கிளறி ஆறவிட்டேன். பத்து நாளில் இறங்கியது. அடுத்த தடவை எச்சத்தைப் பாதியாகக் குறைப்பேன்.

இன்னொரு தவறு பச்சை ஓக். விலை குறைவு என்று வாங்கினேன். செப்டம்பருக்குள் பலகை சுருங்கி இணைப்புகளில் 4 மி.மீ. இடைவெளி. தூள் கொட்ட ஆரம்பித்தது. உள்ளே கையை விட்டு வேலை செய்ய முடியாது, வெளியிலிருந்து மெல்லிய ரீப்பர் அடித்து அடைத்தேன். பார்க்க அசிங்கம். ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஓரத்தைச் செதுக்கிச் சேர்த்திருந்தால் சுருங்கினாலும் தெரிந்திருக்காது.

தாரா பாத்திரம்: கூரையின் நடுவில் ஒரு துளை, அதில் தலைகீழாக 5 லிட்டர் பிளாஸ்டிக் குடுவை. மூடியில் ஊசியால் குத்தியபோது தண்ணீர் ஒரே ராத்திரியில் காலி. மூடியில் 6 மி.மீ. துளைபோட்டு விளக்குத் திரி மூன்றைச் சேர்த்து முறுக்கி அடைத்தேன். 5 லிட்டர் இறங்க ஒன்பது பத்து நாள் ஆனது. மழைக்காலத்தில் குடுவையை எடுத்துவிட்டுத் தக்கை. 2025 கோடை பிரிட்டனில் இதுவரை பதிவானதிலேயே அதிகச் சூடான கோடை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் பத்து நாளுக்கு ஒரு முறை குடுவையை நிரப்பினேன், மொத்தம் ஒன்பது தடவை. ஒவ்வொரு முறையும் ஒரு கை அள்ளிக் கொழுக்கட்டை பிடித்துப் பார்த்தேன்.

பெட்டிக்கு வெளியே செய்தது ஒன்றே ஒன்று, செலவில்லாதது. வளர்ந்த வண்டு பூவில்தான் மேயும். ஹாக்வீட் என்ற செடி, கொத்தமல்லி பூத்தால் எப்படிக் குடை குடையாக விரியுமோ அதன் பெரிய அண்ணன். எல்டர் என்ற புதர்மரத்தின் பூவும் பிடிக்கும். பெரியவர் ஜூன் முதல் வாரமே தோப்பு முழுக்கப் புல் வெட்டி இதையெல்லாம் சாய்த்துவிடுவார். கிழக்கு வேலியோரம் மூன்று மீட்டர் அகலம் விடச் சொல்லிக் கேட்டேன். ஒழுங்கீனமாகத் தெரியும் என்று முதலில் முகம் சுளித்தார். 2024இல் விட்டார். 2025 ஜூலையில் அந்தப் பூவில் பச்சை வண்டு ஒன்றைத் தாம் பார்த்ததாகச் சொன்னார். இறக்கை கசங்கியிருந்ததா என்று கேட்டேன். "கண்ணாடி போடாமல் போயிருந்தேன்" என்றார். ஆக, நான்கு வருடத்துக்குப் பிறகும் உயிரோடு ஒரு நோபிள் சேஃபரை நான் பார்த்ததில்லை.

அக்டோபரில் பெட்டியில் கிடைத்ததை ஒரு சின்ன டப்பியில் எடுத்துப்போய்த் தன்னார்வலர் அம்மாவிடம் கொடுத்தேன். போன வருடச் சம்பவத்துக்குப் பிறகு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பயம்தான். லென்ஸ் வழியாகப் பார்த்தார், நான்கைந்தைப் புரட்டினார், "ஆமாம்" என்றார். எங்கிருந்து எடுத்தாய் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். பெட்டியிலிருந்துதான் என்று இரண்டு தடவையும் சொன்னேன். உரசி நிற்கும் பொந்து மரத்திலிருந்தே தாய் வண்டு வந்து முட்டையிட்டிருக்கலாம் என்பது அவர் கணிப்பு.

புழுவைத் தேடித் தோண்டவில்லை. எத்தனை இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைதான். கிளறினால் அவை இருக்கும் அடுக்கே கலைந்துவிடும். எடுத்த தூளைத் திரும்பப் போட்டுவிட்டேன், டப்பியில் போன புழுக்கை தவிர.

அடுத்த பெட்டி இந்தக் குளிரில் ஆரம்பம். உலர்ந்த ஓக் வாங்குவதாக முடிவு, 30 பவுண்டு கூடுதல் ஆனாலும் சரி. முன்பக்கம் முழுக்கக் கதவாக வைத்ததால் ஒவ்வொரு முறையும் தூள் சரிந்து காலில் கொட்டுகிறது. அடுத்ததில் கீழே 15 செ.மீ. உயரத்துக்கு மட்டும் சின்னக் கதவு. குடுவைக்குப் பதில் ஒரு மண்பானை வைக்கலாமா என்று யோசிக்கிறேன், பிளாஸ்டிக் வெயிலில் வெளுத்து வெடிக்கிறது. பனியில் பானையும் வெடிக்குமே என்று பெரியவர் சொல்கிறார். குளிருக்கு எப்படியும் தக்கைதானே.

கன்று வேலையும் கூடவே நடக்கிறது. யெல்லோ எக் மரம் வேரிலிருந்தே பக்கக்கன்று விடும், வாழை மாதிரி. ஒட்டுக் கட்டும் செலவு இல்லை. போன குளிரில் ஆறு கன்று பெயர்த்துக் காலி இடங்களில் வைத்தோம். ஐந்து பிழைத்தது. ஒன்றை முயல் பட்டை உரித்துவிட்டது, கம்பிவலை சுற்ற மறந்தது நான்.

அப்பா செலவு எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். 235 பவுண்டு என்றால் அப்போது 27,000 ரூபாய்க்கு மேல். ஐயாயிரம் என்று சொல்லிவைத்தேன். "ஐயாயிரத்துக்கு என் எருக்குழிலருந்து ஒரு லாரிப் புழு அனுப்பியிருப்பேனே கண்ணு" என்றார்.

கதவை மூடி, கொண்டிக்கு மேலே இரண்டு ஸ்க்ரூவும் போட்டு இறுக்கிவிட்டேன், எனக்கே கை அரிக்கும் என்பதால். தண்ணீர் கூரை வழியாகப் போகும், ஈரம் பார்க்க வாசல் பிளவில் இரண்டு விரல் விட்டால் போதும். கதவின் உட்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: அடுத்துத் திறப்பது 2027 அக்டோபர்.